ஆயத்தச் சங்கமும் ஐந்தாவது சக்கரமும்

ஆபத்து என்று ஒன்று வந்தால் அதை வரவேற்க முழுத் தயாராக இருந்த தெரு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது திருவொற்றியூரில் எங்கள் தெரு. மற்ற ஊர்க்காரர்கள் ஆபத்து வந்த பிறகு பதறுவார்கள். நாங்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பத்தரை மணிக்குக் கூட்டம் போட்டு முன்கூட்டியே பதறி முடித்துவிடுவோம்.

இந்தப் பெருமைக்குக் காரணம் எங்கள் 'நான்கு சக்கர வாகன உரிமையாளர் ஆயத்தச் சங்கம்'. சங்கத்துக்குக் காரணம் செயலாளர் வெள்ளத்துரை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் மார்க்கெட் தெருவில் கார் உதிரி சாமான் கடை வைத்திருப்பவர். சங்கம் வாங்கச் சொல்லும் சாமான் எல்லாம் அவர் கடையில் மட்டும் கிடைப்பது 'தற்செயல்' என்று அவரே மூன்று முறை விளக்கியிருக்கிறார். நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மூன்று முறை சொன்னதால் நம்பினேன்.

எனக்கு அங்கே 'பராமரிப்பு ஆய்வாளர்' பதவி. பெயர் ஜெயவேல். படிப்பு ஐந்தாவது. ஆனால் ஹார்பரில் முப்பது வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டியவன். தெருவில் நிற்கும் இருபத்திரண்டு கார்களையும் தினம் காலையில் சோதித்துப் பதிவேட்டில் டிக் அடிக்கவேண்டும். பதினெட்டுக் கட்டம். எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், பேட்டரி, வைப்பர் என்று போகும். பானெட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது விதி. திறந்துவிட உரிமையாளர் எழுந்து வரவேண்டுமே. காலை ஆறு மணிக்கு யார் வருவார்கள்? ஆகவே வெளியில் நின்றபடியே எஞ்சினைப் பற்றி நல்லெண்ணம் கொண்டு டிக் அடிப்பேன். காற்று அளக்கிற கருவியை நான் நம்புவதில்லை. டயருக்கு ஓர் உதை விடுவேன். கால் வலித்தால் காற்று சரி.

போன தை மாதம் செயலாளர் 'அவசரகால உபகரணப் பெட்டி'யை அறிமுகம் செய்தார். சிவப்புப் பெட்டி. சின்னப் பீரோ அளவு. உள்ளே இல்லாத சாமான் கிடையாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், தீயணைப்பான், சிவப்பு முக்கோணம், டார்ச் லைட், முதலுதவி மருந்து, கட்டி இழுக்கும் கயிறு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், மினுங்கும் சட்டை, ஐம்பது மீட்டர் அளவு நாடா. பார்த்ததும் இருபத்திரண்டு பேருக்கும் உடனே ஏதாவது விபத்தில் மாட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. பெட்டி டிக்கிக்குள் போகவில்லை.

"ஸ்டெப்னி இடிக்குது" என்றான் பகலவன். மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வளைத்துப் பேசத் தெரியாது. "ஸ்டெப்னி கீற குழில பொட்டி எறங்குனாத்தான் டிக்கி மூடும். ஸ்டெப்னிய எங்க வைக்கிறது?"

செயலாளர் கண்ணை மூடி யோசித்தார்.

"எய்யா, நம்ம சங்கத்துக்குப் பேரு என்ன? நான்கு சக்கர வாகனச் சங்கம். அப்ப அஞ்சாவது சக்கரத்துக்கு இங்க என்ன சோலி? அத வச்சிக்கிட்டுத் திரியுறது, நாலும் சரியில்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரில்லா இருக்கு."

கூட்டம் அசந்துபோனது. அப்படி யாரும் அதுவரை யோசித்ததில்லை. இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் கும்மிடிப்பூண்டி தாண்டாதவன் நான். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து செயலாளர் என் தலையில் ஒரு மஞ்சள் தொப்பி வைத்தார். 'ஆய்வாளர்' என்று தைத்திருந்தது. வாயை மூடிக் கையைத் தூக்கினேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கழற்றிய இருபத்திரண்டு ஸ்டெப்னிகளும் சங்கக் கொட்டகைக்கு வந்தன. 'கலந்துவிடக்கூடாது' என்று ஒவ்வொன்றிலும் கார் நம்பரை வெள்ளைப் பெயிண்டில் எழுதினோம். அதன்மேல் ஒரு திண்டு போட்டால் உட்கார அருமையாக இருந்தது. வாடகை நாற்காலி மிச்சம். ஒரே தீர்மானத்தில் சாலை ஆபத்தும் தீர்ந்தது, முதுகு வலியும் தீர்ந்தது. எந்த அரசாங்கத்துக்கு இந்த மூளை வரும்? மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த முதல் டயர் என் பதவிக்கு ஒதுக்கப்பட்டது.

இனி செங்கொடி விஷயம். பகலவனின் மகள். மணலி கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கிரேன் ஓட்டப் படித்தாள். வடக்கே ஒரு துறைமுகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. காலை பத்து மணிக்குக் கேட் மூடிவிடும். அதற்கு மேல் வந்தால் சாமியே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று கீழே போட்டிருந்தது. வேறு வார்த்தையில்தான் போட்டிருந்தது, அர்த்தம் அதுதான். இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள்.

"நா ஷைனி ஸ்கூட்டில பூட்றேன்" என்றாள். ஷைனி அவள் தோழி. "வெள்ளன கெளம்புனா ஒரு மணி நேரம்."

செயலாளர் நெஞ்சில் கை வைத்தார். "ஸ்கூட்டில தீயணைப்பான் இருக்கா தாயி? முக்கோணம் இருக்கா? வாழ்க்கப் பிரச்சனைலா. பெட்டி இருக்க கார்ல போ. நானும் வாரேன். ஆய்வாளரும் வருவாரு. ஒனக்கு என்ன கொறை?"

ஆக அன்று காலை எட்டு மணிக்கு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சங்கமே வழியனுப்பப் புறப்பட்டோம். பகலவன் தன் காரை ஓட்டினான். பக்கத்தில் செங்கொடி, மடியில் சான்றிதழ் ஃபைலோடு. பின்னால் நானும் செயலாளரும். பதினெட்டுக் கட்டத்திலும் அன்று நான் இரட்டை டிக் அடித்திருந்தேன்.

மணலி தாண்டி வள்ளூர் போகிற சாலை. முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரி. எட்டே முக்காலுக்குக் கீழே கிடந்த இரும்புப் பட்டை ஒன்றில் பின் டயர் ஏறியது. பட்டென்று ஒரு சத்தம். டயர் பக்கவாட்டில் பன்ரொட்டி மாதிரி பிளந்துவிட்டது.

செயலாளரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"யாரும் பதறக்கூடாது. பெட்டியத் தொறக்கணும்."

பெட்டிக்குச் சங்கத்தின் அரக்கு முத்திரை. அதை உடைக்க ஒரு படிவம். உரிமையாளர், செயலாளர், ஆய்வாளர் மூன்று பேர் கையெழுத்து. 'ஆபத்தின் தன்மை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று செயலாளர் பேனாவைக் கடித்தார்.

"டயர் கியிஞ்சிட்ச்சினு எழுது" என்றான் பகலவன்.

"அது பேச்சு மொழிலா."

"மணி ஒம்போதாவப் போது" என்றாள் செங்கொடி.

பெட்டி திறந்தது. செயலாளர் மினுங்கும் சட்டையைப் போட்டு, நாடாவால் சாலையை அளந்து, சரியாக ஐம்பதாவது மீட்டரில் முக்கோணத்தை நட்டார். பகலவன் ஜாக்கி போட்டான். என்ன ஜாக்கி அது. கார் பூ மாதிரி எழும்பியது. நட்டைக் கழற்றினான். பிளந்த டயரை உருவி ஓரத்தில் சாய்த்தான். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினான்.

"ஸ்டெப்னி."

செயலாளர் ஓடிவந்து பெட்டிக்குள் தேடி, டார்ச் லைட்டை வைத்தார்.

"ஸ்டெப்னி ணா."

தீயணைப்பானை வைத்தார். பிறகு பஞ்சு. பிறகு கயிறு. பகலவனின் கை நீட்டியபடியே இருந்தது. சங்கம் வைத்திருந்த ஒவ்வொரு சாமானும் அந்தக் கைக்கு வந்துபோனது. குறை சொல்லவே முடியாது. கடைசியில் அவனுக்கே நினைவு வந்து, கையை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

"ப்பா" என்றாள் செங்கொடி. "இன்னா ஆச்சி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

இதற்குள் பின்னால் ஒரு அதிசயம் நடந்திருந்தது. முக்கோணத்தையும் மினுங்கும் சட்டையையும் கண்ட லாரிக்காரர்கள், ஏதோ செக்கிங் என்று நினைத்து வண்டிகளை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஓரமாகச் சுற்றிப் போக இடம் இருந்தது. ஒருவரும் போகவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் லாரி. கையில் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்சோடு டிரைவர்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். செயலாளரால் மறுக்க முடியவில்லை. பெரிய மனசோடு முதல் இரண்டு பேரின் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

மூன்றாவதாக நின்றவர் உபைதுல்லா. என்னோடு ஒரே யார்டில் ஓட்டியவர்.

"இன்னா ஜெயவேலு, செக்கிங்ல சேந்துட்டியா? தொப்பிலாம் குட்த்துக்கிறானுங்க."

"டயர் வெட்ச்சிட்ச்சி பாய்."

"அத்த மாத்திகினு போவ வேண்டிதான. ஸ்டெப்னி எங்க?"

"சங்கத்துல கீது."

"சங்கத்துல இன்னா பண்ணுது?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "உக்காற" என்றேன்.

உபைதுல்லா தூக்கி நின்ற காரையும், பெட்டியையும், செயலாளரையும் வரிசையாகப் பார்த்தார். கடைசியாக என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

செங்கொடி அதற்குமேல் நிற்கவில்லை. "ணா, நீங்க போர்ட்டு கேட்டுக்குத்தான போறீங்க?"

"ஆமாம்மா."

"பத்துக்குள்ள கேட்டாண்ட எறக்கி வுடுவீங்களா?"

"முன்னால ஒரு வண்டி இல்லியே. எல்லாத்தையும் இந்த ஆள்தான் நிப்பாட்டி வெச்சிகிறான். ஏறு."

ஃபைலைப் பல்லில் கவ்வி, கைப்பிடியைப் பிடித்து, மூன்று எட்டில் லாரிக்குள் ஏறிவிட்டாள். மணி ஒன்பது இருபத்தைந்து. செயலாளர் லாரிக்கு வழிவிட்டுக் கையைக் காட்டினார். அது விதிப்படி இருந்தது.

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது அவள் கேட்டுக்குள் போனாள். மறுவாரம் வேலைக்கான கடிதம் வந்தது.

இரண்டாம் ஞாயிறு பாராட்டுக் கூட்டம். 'அவசரப் பெட்டியால் கிரேன் ஏறிய வீரமங்கை' என்று பேனர். செயலாளர் அரை மணி நேரம் பேசினார். முக்கோணம் வைக்காவிட்டால் லாரிகள் நின்றிருக்குமா? லாரிகள் நிற்காவிட்டால் சாலை காலியாகியிருக்குமா? பெட்டியின் வெற்றி உலகத்துக்கே நிரூபணமாகிவிட்டது என்றார். அடுத்து இன்னும் பெரிய பெட்டி வருகிறது என்றும், அதற்காகப் பின் சீட்டைக் கழற்றுவது பற்றிச் சங்கம் பரிசீலிக்கிறது என்றும் அறிவித்தார். நாங்கள் கை தட்டினோம்.

"செங்கொடி நாலு வார்த்தை பேசணும்."

அவள் மைக் பக்கம் போகவில்லை. இறங்கி வந்து, குனிந்து, ஒவ்வொருவர் காலடியிலும் வெள்ளைப் பெயிண்டைப் படித்துக்கொண்டே நடந்தாள். மின்விசிறிக்குக் கீழே வந்து நின்றாள்.

"நைனா, கொஞ்சம் எய்ந்திரு."

எழுந்தேன். திண்டு நழுவியது. பகலவன் கார் நம்பர்.

"வெள்ளத்துரை அண்ணாச்சி சாமான் விக்கிறவரு, அவரு சொல்லுவாரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீ முப்பது வருசம் லாரி ஓட்டினவன். நீ ஏன் நைனா கைய தூக்குன?"

பதிலுக்கு என் கை தானாகத் தலைக்குப் போய்த் தொப்பியைத் தொட்டது.

அவள் டயரை நிமிர்த்தி, உருட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனாள். பகலவன் அவள் பின்னால் போனான். செயலாளர் உடனே ஆய்வாளருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கவேண்டும் என்று அவசரத் தீர்மானம் கொண்டுவந்தார்.

ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் அவரவர் ஸ்டெப்னியில் உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள்.