வலது தூண் சங்குப்பூ

முடிச்சு மறுபடியும் அவிழ்ந்திருந்தது.

ரசமட்டம் ஸ்கூட்டரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினார். "எவன்டா அது?"

தெருவில் போய்க்கொண்டிருந்த நாய் ஒன்று நின்று பார்த்தது. கேள்வி தனக்கில்லை என்று தெரிந்ததும் நடையைக் கட்டியது.

ரசமட்டம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. டைல்ஸ் ஃபாக்டரியில் தரம் பார்க்கிற வேலை. ஓரம் ஒரு மயிரிழை கோணியிருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மட்டம் பார்க்கிற குமிழிக் குழாய், சின்னதாக ஒரு ரசமட்டம், எப்போதும் இருக்கும். அவர் வீட்டுக் காலண்டர்கூட, அந்தக் குமிழி நடுவில் வந்து நின்றபிறகுதான் தேதி காட்டத் தொடங்கும்.

அப்படிப்பட்டவர் கேட்டின் இரண்டு தூண்களையும் ஒட்டித் தூணுக்கொரு கம்பி நட்டு, அடியில் சங்குப்பூ விதை போட்டார். கொடிகள் ஐந்தைந்து இலையாக விட்டுக்கொண்டு வளர்ந்தன. சங்குப்பூவுக்குப் பிடித்துக்கொள்ளத் தனியாகச் சுருள் எதுவும் கிடையாது. தண்டே கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஏறின. பூவும் நீலமாகப் பூத்தது. ஆனால் இரண்டும் ஒரே திசையில் சுற்றின.

ரசமட்டத்துக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இடது கொடி இந்தப் பக்கம் சுற்றினால் வலது கொடி அந்தப் பக்கம் சுற்றவேண்டாமா? கண்ணாடியில் பார்த்தமாதிரி இருக்கவேண்டாமா? கேட்டைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

"பாக்கறவங்க பூவைப் பாப்பாங்க" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வலது கொடியைப் பிரித்து, எதிர்த் திசையில் சுற்றி, நூலால் கட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் நூலைக் காணோம். கொடி பழைய பக்கமே சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும்.

எதிர்வீட்டில் தையல்காரம்மா இருந்தாள். ஜன்னலோரம் மெஷின். அவளிடம்தான் நூல் வாங்குவார்.

"இன்னும் கெட்டியா குடும்மா."

"இது முந்தினதைவிடக் கெட்டி சார். யானையைக் கட்டலாம்."

யானையைக் கட்டியிருந்தால் நின்றிருக்கும். கொடி நிற்கவில்லை. ரெட்டை முடிச்சுப் போட்டார். முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டார். ஒருநாள் ஆத்திரத்தில் இழுத்துச் சுற்றியதில் வலது கொடியின் நுனி ஒரு முழம் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. இப்போது இடது கொடி உயரமாகிவிட்டதல்லவா? கத்திரிக்கோலை எடுத்து அதையும் ஒரு முழம் வெட்டினார். குறுக்கே ஒரு குச்சியை வைத்து ரசமட்டத்தில் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. பூக்கள் அத்தனையும் தரையில் கிடந்தன.

சந்தேகம் மாடி அறைக்குப் போனது.

மாடி அறையில் மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி. பத்து நாள் தங்கிவிட்டுப் போவதாக வந்தவன் மூன்று காலண்டர் பார்த்துவிட்டான். இப்போதுதான் வெளியூரில் ஒரு வேலை கிடைத்து, மாதக் கடைசியில் கிளம்புவதாக இருந்தான். அந்த ஒரு சந்தோஷத்தில்தான் ரசமட்டம் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

"அவ்ளோ தூரம் எதுக்குங்க போகணும்? இங்கயே இருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவான்" என்று மனைவி கேட்டுப் பார்த்திருந்தாள்.

"அந்த வார்த்தை என் வாயில வராது. செத்தாலும் வராது."

கொடி நட்ட முதல் நாளே, "ரெண்டும் ஒரே பக்கம் சுத்தினா என்ன மாமா, குடியா முழுகிடும்?" என்று சிரித்தவன் இந்த மச்சான். வேறு சாட்சி எதற்கு?

"இன்னிக்கு நீ கேட்டைப் பாத்துக்கோ" என்று மனைவியைக் காவல் வைத்தார். "உன் தம்பி கீழ இறங்கினா கவனி."

"நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்ல."

சாயங்காலம் வந்தார். நூலைக் காணோம்.

"கண்ணு மூடலைங்க. அடுப்புல பால் பொங்கிச்சு, ஒரு நிமிஷம் உள்ள போனேன்" என்றாள் மனைவி.

ரசமட்டத்தின் காதோரம் சிவந்தது. படிக்கட்டின் அடியில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "டேய்! இறங்கி வாடா கீழ!"

மச்சான் கொட்டாவியோடு இறங்கினான். "என்ன மாமா?"

"என் சோத்தைத் தின்னுட்டு என் கொடியையே அவுக்கறியா?"

"நானா? முடிச்சை உக்காந்து அவுக்கற பொறுமை எனக்கு இருந்திருந்தா எப்பவோ வேலைக்குப் போயிருப்பேன் மாமா."

"வாய் வேற! மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? இப்பவே கிளம்பு!"

மச்சான் பெட்டியை எடுத்தான். பின்னாலேயே மனைவியும் ஒரு பையோடு வந்தாள்.

"நீ எங்க போற?"

"எங்க அக்கா வீட்டுக்கு. செய்யாத தப்புக்கு என் தம்பியைத் துரத்தின வீட்ல நான் எதுக்கு? அந்தக் கொடியே சமைச்சுப் போடட்டும்."

கொடி சமைக்கவில்லை. ரசமட்டமே முட்டை பொரிக்கப்போய் வாணலியைக் கரியாக்கினார். கரி நடுவில் இல்லாமல் ஓரமாகப் பிடித்திருந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தையல்காரம்மாவின் ஜன்னல் சாத்தியிருந்தது, நூல் கிடைக்கவில்லை. வீட்டிலும் யாருமில்லை. ரசமட்டம் கேட்டைப் பூட்டி, கொடியைப் பிரித்து, வெறுமனே எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டு, முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். கையில் தடி.

யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. கொடியின் நுனி மெல்லத் தளர்ந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நுனி கம்பியை விட்டு விலகி, இருட்டில் சுவிட்ச் தேடும் கைபோல வெறும் காற்றில் வட்டமடித்தது. மதியத்துக்குள் ஒரு சுற்று பிரிந்தது. சாயங்காலத்துக்குள் பழைய திசையில் கம்பியைப் பிடித்துவிட்டது.

"நீதானா?" என்றார் ரசமட்டம். "அடிப்பாவி, நீயேதானா?" தடியை ஓங்கினார். யாரை அடிப்பது என்று தெரியாமல் கீழே போட்டார். ஒரு டைலாக இருந்தால் திருப்பி அனுப்பலாம். இதை எங்கே அனுப்புவது?

நேரே மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தினாள் மனைவி. பின்னால் மச்சான் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"தப்பு என்மேலதான். கொடி தானாவே அவுந்துக்குது. என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"அது என்கிட்ட சொல்லவேண்டியது இல்லை. அவன்கிட்ட சொல்லுங்க."

ரசமட்டம் மச்சானைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். "மாப்ளே, மன்னிச்சுடு."

"பரவால்ல மாமா. எப்படியும் மாசக் கடைசில போறவன்தானே" என்று மச்சான் விதைகளைத் துப்பினான்.

மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். பையைக் கையில் எடுக்கவில்லை. கரிந்த வாணலி ரசமட்டத்தின் கண்முன் வந்து போனது.

"அவ்ளோ தூரம் எதுக்கு?" என்றார், வேறு யாரோ பேசுவதுபோல. "இங்கயே... இங்கயே இரு. எவ்ளோ நாள் வேணும்னாலும்."

மனைவி பையை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, இரண்டு கொடிகளும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்க, ரசமட்டம் தலை குனிந்தபடி கேட்டைத் தாண்டினார். மாடியில் மச்சானின் குறட்டை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"இனிமே நூல் வேணாம்மா" என்றார். "கொடி தானா அவுந்துக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"கொடி அவுந்துக்கும் சார், முடிச்சு எப்படி அவுந்துக்கும்?" என்றாள் தையல்காரம்மா, மெஷினை நிறுத்தாமல். "இத்தனை நாளா நீங்க வாங்கினது ஒரே நூல்தான், 'என் தம்பியை இங்கயே இருன்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு'ன்னுட்டு, தினம் மத்தியானம் உங்க வீட்டம்மாதான் அவுத்துக் கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க."