என் முதுகும் ரேகாவின் பன்னிரண்டு எலிகளும்

கடலூர்
16.7.2009

பண்ருட்டி முந்திரி மண்டி மச்சான் பழனிவேல் அவர்களுக்குக் காசிநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, முதுகு இடம் தரவில்லை. அங்கு தங்கை மகேஸ்வரியும் பிள்ளைகளும் நலமாக இருக்கத் தில்லை நடராஜர் அருள்வாராக. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் தங்கை லோகநாயகிக்கு அடுப்படியிலிருந்தே எல்லாம் கேட்கும், அவளும் இதில் உடந்தையோ என்று எனக்குச் சந்தேகம்.

போன மாதம் என் முதுகில் ஒரு கட்டி வந்தது. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டேன். சிதம்பரத்தில் கிருமி ஆராய்ச்சி செய்யும் நம் ரேகா சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், "ஆஸ்பத்திரிக்கு வாங்கப்பா" என்றாள். "தானா உடைஞ்சிடும், போ" என்றேன். அவள் சண்டை போடவில்லை. உங்கள் குடும்பத்துப் பெண் சண்டை போடாமல் விட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஒரு ஸ்கேலை எடுத்து முதுகில் வைத்து அளந்து, செல்போனில் படம் பிடித்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே, அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே. முப்பத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தை அளந்த சர்வேயர் நான், காரணமில்லாமல் எவரும் எதையும் அளப்பதில்லை என்று எனக்குத் தெரியாதா? போன ஞாயிறு மாடியில் யாரிடமோ போனில், "முதுகுல முடிய மழிச்சிட்டு கிருமிய தடவியாச்சு. மூணாவது ஆளு தேறிட்டான். ஒண்ணும் போடாத ஆளுங்கதான் மோசமா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. முதுகில் முடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கை எட்டவில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன். சீட்டில் சாய முடியாமல் புவனகிரி வரை குனிந்தபடியே போனதில், பக்கத்தில் இருந்தவர் நான் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்துக் கூடவே குனிந்து தேடினார். ஆய்வுக்கூட வாசலில் தீனி போடும் ராமாமிர்தம் என்பவர் மறித்தார். "ரேகா பாப்பாவோட அப்பாவா? செருப்ப கழட்டிட்டு வாங்க. சத்தமா பேசாதீங்க, அவுங்க பயந்துப்பாங்க." அவுங்க என்று அவர் சொன்னது எலிகளை. பன்னிரண்டு வெள்ளை எலிகள், ஆளுக்கொரு கூண்டு, எல்லோர் முதுகிலும் சவரம் செய்த இடத்தில் ஒரு புண். நாலு பேருக்குப் பிச்சாவரத்து இலையில் ரேகா செய்த களிம்பு, நாலு பேருக்குக் கடைக் களிம்பு, மீதி நாலு பேருக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கடைசி நாலு பேர் கூண்டருகே குனிந்து ஒவ்வொருவர் முதுகாகப் பார்த்தேன் மச்சான்.

"இதுல நான் எந்தக் கூட்டம்?" என்று ரேகாவிடம் நேராகவே கேட்டேன்.

"என்னப்பா உளர்றீங்க? ஒரு எலியத் தொடணும்னாகூட கமிட்டிக்கு எழுதிப்போட்டு ஆறு மாசம் காத்திருந்து பர்மிஷன் வாங்கணும். உங்கள தொட எனக்கு யாரு குடுப்பா?"

"அப்ப எதுக்கு அளந்த?"

"டாக்டர்ட காட்டத்தான். நீங்கதான் வர மாட்டேன்னீங்க, அளவாவது போகட்டும்னு பாத்தேன். எந்தக் கூட்டம்னு கேட்டீங்கல்ல? அந்தக் கடசி நாலு. அதுங்கள நான் சேத்தேன். நீங்களா போய் சேந்துகிட்டீங்க."

கையுறை மாட்டியிருந்ததால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். ராமாமிர்தம் எலிகளைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

கூடவே வந்த ரேகா நீட்டிய அந்த நோட்டை டாக்டர் புரட்டிவிட்டு இது ராஜபிளவை என்றார். ராஜ என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றதும் குனிந்துவிட்டேன். கீறிச் சீழை எடுத்தார்கள். ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. டாக்டரும் இவளும் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார்கள், நடுவில் என்னைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்று எலி, நாளை யாரோ. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, இந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு பேங்க் பரீட்சை எழுதச் சொல்லி அவளைக் கண்டிக்க வேண்டும். பலாப்பழம் கொண்டு வர வேண்டாம், தடை போட்டிருக்கிறார்கள்.

தங்கள் வருகையை ஒருக்களித்துப் படுத்தபடி எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை காசிநாதன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் ரேகா வந்து ஒரு தாளை நீட்டினாள். அடுத்த மாதம் அவர்கள் டிபார்ட்மெண்டில் பேசப் போகிறாளாம், என் முதுகுப் படத்தைக் காட்டக் கையெழுத்து வேண்டுமாம். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தேன். நான் சந்தேகப்பட்டது சரிதான், இதில் ஒரு சூது இருக்கிறது. முதுகு மட்டும்தான் தெரியுமாம், என் பெயரைப் போட மாட்டார்களாம். காசிநாதன், சர்வேயர் (ஓய்வு), கடலூர் என்று கீழே எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போன் செய்து எனக்காக அவளிடம் கொஞ்சம் சிபாரிசு செய்யவும்.