ஹம்ரோவின் முதுகுவலி

மார்ச் பிறந்தாலே ஹம்ரோவுக்குக் கவலையும் கூடப் பிறக்கும். நமங்கான் ஊரே அண்ணாந்து வாதுமைப் பூவைப் பார்த்துப் பூரித்துப்போகும். அவர் மட்டும் குனிந்து, தன் வீட்டு முற்றத்து மண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மண்ணுக்கடியில் கிடப்பது புதையல் அல்ல, திராட்சைக் கொடிகள். பனிக்குப் பயந்து நவம்பரில் புதைத்தவை. இப்போது தோண்டி எடுத்து, உதறி, பந்தலில் ஏற்றிக் கட்ட வேண்டும். புதைத்தபோதே இடுப்பு கழன்றுவிட்டது. எடுத்தால் உயிரே கழன்றுவிடும் என்பது அவர் கணிப்பு.

அதைவிடப் பெரிய கவலை ஞாயிற்றுக்கிழமை. வாய்க்கால்கரைத் தேநீர்க்கடையில் இப்போதுதான் வெளியே கட்டில் போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் அதில் சாய்ந்தபடி சதுரங்கம் ஆடியே வசந்தத்தைக் கழிப்பதென்று பனிக்காலம் பூராவும் கனவு கண்டிருந்தார். அந்தக் கனவில் மண்வெட்டி வரவே இல்லை.

யோசித்தார். ஹஷர் வைத்துவிட்டால்? தெருவே மண்வெட்டியோடு வந்து தோட்ட வேலையை முடித்துக்கொடுக்கும். நாம் வயிறாரப் புலாவ் போட்டால் போதும். ஒரே ஒரு வில்லங்கம்: வந்தவர் வீட்டு ஹஷருக்கெல்லாம் நாமும் திருப்பிப் போய் உழைக்க வேண்டும். ஆனால் முதுகு ஒடிந்தவனை எவன் கூப்பிடுவான்? தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அன்று சாயங்காலமே, "ஐயோ!" என்று முற்றத்துக் கட்டிலில் சாய்ந்தார்.

"என்னங்க ஆச்சு?" மனைவி சனோபர் ஓடிவந்தாள்.

"முதுகு போச்சு. இனி என் ஆயுசுக்கும் மண்வெட்டியத் தொட முடியாது."

"இதுவரைக்கும் தொட்டுத் தேய்ஞ்சுபோச்சாக்கும்."

"நக்கல் பண்ற நேரமா இது? தெருவுல சொல்லி ஹஷர் வை. கொடியெல்லாம் மண்ணுக்குள்ள மூச்சு முட்டிச் சாவுது."

சனோபர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பரிவாக ஒட்டக ரோமப் பட்டியைக் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். அந்த இறுக்கில் பொய்வலி மெய்வலி ஆகிவிட்டது.

ஞாயிறு காலை தெருவே திரண்டு வந்தது. முதல் ஆள் பக்கத்து வீட்டு ஸோகிர்.

"என்ன அண்ணே, எங்க வீட்டு ஹஷர் அன்னிக்கு வருஷா வருஷம் உங்க மாமா ஒருத்தர் செத்துப்போவாரே. மாமாங்க தீர்ந்துட்டாங்களா? இந்தத் தடவ முதுகா?"

"வலிக்கிறவனுக்குத்தான் தெரியும், தம்பி."

மண்வெட்டிகள் பாய்ந்தன. கொடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பந்தல் ஏறின. ஹம்ரோ தலையணையில் சாய்ந்து, முனகலுக்கு நடுவே தேநீரை உறிஞ்சினார். சொர்க்கம் என்றால் இதுதான் என்று நினைத்தார்.

"அண்ணி, புலாவ் யாரு பண்றது?" என்றான் ஸோகிர்.

ஹஷர் புலாவ் வீட்டுக்கார ஆண்பிள்ளையின் வேலை. அதிலும் ஹம்ரோவின் கைப்பக்குவத்துக்கு ஊரில் ஈடில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

"அவராலதான் நிக்கவே முடியலியே. நீங்களே பண்ணிருங்க, தம்பி."

ஹம்ரோவுக்குப் பகீரென்றது. சற்று நேரத்தில் சரக் சரக் என்று சத்தம்.

"டேய்! கேரட்டையா துருவுற? கத்தியால நறுக்கணும்டா!"

"பேசாமப் படுங்க. கத்துனா முதுகு அதிரும்" என்றாள் சனோபர்.

பல்லைக் கடித்துக்கொண்டார். தேநீர்க்கடையை நினைத்துக்கொண்டார். கறியும் கேரட்டும் கொதித்தன. அதன்மேல் ஸோகிர் அரிசியைப் பரப்பினான். இனி வேகும்வரை அதைத் தொடவே கூடாது. ஆனால் அந்தப் பாவி ஜல்லிக்கரண்டியை அடிவரை விட்டு, கஞ்சியைக் கிண்டுவது போல ஒரு கிண்டு கிண்டினான்.

"அடேய் கொலைகாரா!"

ஹம்ரோ கட்டிலிலிருந்து துள்ளினார். முற்றத்தில் ஓடும் வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டினார். கரண்டியைப் பிடுங்கினார். இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையாத இரும்புக் கொப்பரையைத் துணியால் பிடித்துத் தனியாளாகத் தூக்கி, தீயிலிருந்து இறக்கி வைத்தார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். முற்றமே மண்வெட்டியில் சாய்ந்து நின்று அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"அல்லா கண்ணத் தெறந்துட்டான்! முதுகு நேராயிடுச்சு!" சனோபர் கையைத் தட்டினாள். "அடுத்த ஞாயிறு ஸோகிர் தம்பி வீடு. அப்புறம் வரிசையா எல்லார் வீட்டுக்கும் வருவாரு. மண்வெட்டி எங்களோடது. ஒவ்வொரு வீட்டுலயும் புலாவும் இவரே பண்ணிருவாரு."

தெருவே கைதட்டியது. ஹம்ரோ மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். கடைசி வீட்டை முடிப்பதற்குள் வசந்தம் போய், முசுக்கட்டை பழுத்து உதிர்ந்தே போய்விடும். தேநீர்க்கடைக் கட்டில் கண்ணெதிரே மிதந்து மறைந்தது.

எல்லோரும் போனபின், "எல்லாம் அந்த ஸோகிரால வந்த வினை" என்று பொருமினார். "புலாவ் வைக்கத் தெரியாத கழுதை!"

சாப்பாட்டு விரிப்பை உதறிக்கொண்டிருந்த சனோபர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு தடவையாச்சும் அவர் வீட்டு ஹஷருக்குப் போயிருந்தா, அவர் கைப்பக்குவம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அரிசியக் கிளறுங்கன்னு நான் கெஞ்சினப்போ, பாவம், மனுஷன் அழுதே போட்டாரு."