ஐந்தாவது நாற்காலி

செம்பொறை என்றொரு நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. எதற்காக என்று குடிமக்களாகிய எங்களுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் போர்ச் செய்தி மட்டும் நாள் தவறாமல் கிடைத்தது. அதற்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

மாலைதோறும் சந்தைத் திடலில் செய்தி அரங்கம் கூடும். மேடையில் ஐந்து நாற்காலிகள். நான்கில் அமர்பவர்கள் போரை ஆதரித்துப் பேசுவார்கள். ஐந்தாவது, மாற்றுக் கருத்துக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்டது. அதில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ரணசூரர் அமர்வார்.

"வன்மையாக மறுக்கிறேன்!" என்று அவர் மேசையைத் தட்டுவார். "போர் நடக்கும்போது உழவு மாடுகள் வயலில் என்ன செய்கின்றன? அவற்றையும் களத்துக்கு அனுப்புங்கள்!"

"இப்படியொரு குரலையும் அனுமதிக்கும் மன்னர் வேறெங்கு உண்டு!" என்று நெறியாளர் பூவராகர் உருகுவார். உடனே முரசு முழங்கும். "மாற்றுக் கருத்துக்கு மன்னர் பணிந்தார்!" என்று கட்டியக்காரன் கூவுவான். நாங்கள் எழுந்து நின்று நன்றி சொல்வோம்.

இப்படித்தான் மாடுகள் போயின. பிறகு விதைநெல் போனது. கடைசியாக, வீட்டுக்கு ஓர் ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும் என்று ரணசூரர் மறுத்தார். மன்னர் அதற்கும் பணிந்தார்.

பவளாயியின் மூத்த மகன் ஏற்கெனவே களத்தில் இருந்தான். இளையவன் வேம்பனை அழைத்துப்போக வெள்ளிக்கிழமை ஆள் வருவதாக இருந்தது. அவள் பூவராகரைத் தேடிப் போனாள்.

"ஐயா, நானும் மேடையில ஒரு வார்த்தை பேசணும்."

"எதைப் பத்திம்மா?"

"சண்டை வேணாம்னு."

"நல்ல கருத்துதான். ஆனா மாற்றுக் கருத்துக்கு ஒரே நாற்காலிதாம்மா. அதுல ஆள் இருக்காரே."

"அவரும் சண்டை வேணும்னுதானே சொல்றாரு?"

"ஆமா. ஆனா ரொம்பக் கோபமாச் சொல்றாரு."

வியாழக்கிழமை ரணசூரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தத் தொண்டைக்கு இன்றளவும் என் நன்றி. அன்று மாலை ஐந்தாவது நாற்காலியில் பவளாயி போய் உட்கார்ந்தாள். அது காலியாக இருந்தால் சட்ட மீறல் என்பதால் பூவராகரால் அவளை எழுப்ப முடியவில்லை.

"பெரியவன் அங்க என்ன தின்றானோ தெரியல. சின்னவனையும் குடுக்க மாட்டேன். போதும் சாமி, எல்லாப் பிள்ளைங்களையும் திருப்பிக் கூப்பிடுங்க."

முரசடிப்பவனுக்கு என்ன தெரியும்? ஐந்தாவது நாற்காலி பேசி முடித்ததும் அடிக்க வேண்டும், அடித்தான். "மாற்றுக் கருத்துக்கு மன்னர் பணிந்தார்!" என்றான் கட்டியக்காரன். பழக்க தோஷத்தில் நாங்களும் எழுந்து நன்றி சொல்லிவிட்டோம். எதற்குச் சொன்னோம் என்று பிறகுதான் உறைத்தது. மறுபடியும் சொன்னோம், இந்த முறை அழுதுகொண்டே.

அமைச்சர்கள் திண்டாடினார்கள். பணியவில்லை என்று அறிவித்தால், மன்னர் மாற்றுக் கருத்தை மதிக்காதவர் என்றாகிவிடுமே! ஆகவே மன்னர் பணிந்தது பணிந்ததாகவே இருந்தது. படை திரும்பியது. இதற்காகவே காத்திருந்ததுபோல எதிரிப் படையும் மூட்டை கட்டியது.

இனி இப்படியொரு விபத்து நேரக்கூடாது என்று ஐந்தாவது நாற்காலியைத் தெருவில் தூக்கிப் போட்டார்கள். பவளாயி அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். இளைத்துக் கறுத்து வந்த மூத்தவன் அதில் உட்கார்ந்துதான் கஞ்சி குடிக்கிறான். பக்கத்தில் வேம்பன் வம்பளந்துகொண்டிருக்கிறான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கை தானாகக் குவிகிறது.

வேறு சில நாடுகளில் போர் இன்னும் நடக்கிறதாம். அங்கேயும் மாலைதோறும் அரங்கம் கூடுகிறது, ஐந்தாவது நாற்காலியும் இருக்கிறது என்கிறார்கள். அங்குள்ள ரணசூரர்களுக்குத்தான் தொண்டை கட்டுவதே இல்லையாம்.