தேசப்பன் நைனாவைச் சாகடித்த பாட்டு

ஊரைவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் நடப்பது எனக்குப் பழகிய காரியம். ஆனால் அன்று காலை பழவேற்காட்டுப் பாலத்தை நோக்கி நடந்தபோது பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். காலில் செருப்பு இல்லை. சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். பின்னால் ஒரு முழுக் குப்பம், உயிரோடு இருக்கிற பெரியவர் ஒருவருக்காக அழுது முடித்துவிட்டு, அழ வைத்தவன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.

அழ வைத்தவன் நான்தான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எனக்குப் பிடித்தது எதுவானாலும் பக்கத்தில் இருப்பவருக்கும் பிடித்தே ஆக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கும்வரை விட மாட்டேன். (இதனாலேயே இரண்டு நல்ல நண்பர்களை இழந்திருக்கிறேன். ஒருவரைப் பச்சை மாங்காய் டீ விஷயத்தில்.) இந்த வியாதியோடு வெள்ளைக்காரர்களின் பழைய பாட்டு வந்து சேர்ந்தபோதுதான் விபரீதம் முற்றியது.

எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நடந்துவிட்டவன் நான். அதன்பிறகு லாரி கிளீனர், செங்கல் சூளை, பந்தல் வேலை என்று சுற்றி, சென்னையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ராத்திரிப் படுக்கை அரிசி மூட்டைமேல். எலி இரண்டு தடவை கடித்தது, ஒன்றும் ஆகவில்லை. அங்கே டேனி என்று ஒரு சமையல்காரன் இருந்தான். மேகாலயா மலைக்காரன். அவன் ஊரில் தாத்தாக்கள்கூட கிட்டார் வாசிப்பார்களாம். வெங்காயம் நறுக்கும்போது போனைத் தட்டில் சாய்த்துவைத்து, அவன் பிறப்பதற்கும் முன்னால் வந்த இங்கிலீஷ் பாட்டுகளைப் போடுவான்.

முதல் தடவை கேட்டபோது, நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை இடிக்கிறார்கள், ஐந்தாவது ஆள் அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் கத்துகிறான் என்று தோன்றியது. இரண்டாவது தடவை, இடித்த வீட்டை அதே நான்கு பேர் திரும்பக் கட்டுகிறார்கள் என்று தோன்றியது. மூன்றாவது தடவை அண்டாவில் தண்ணீர் நிரம்பி, வழிந்து, முதலாளியின் மேஜைவரை போயிற்று. எனக்குத் தெரியவில்லை. முதலாளிக்குத் தெரிந்தது.

இன்னொரு ரகமும் இருந்தது. நாட்டுப்புறப் பாட்டு. ஒருவர் மூக்கால் பாடுவார், நடுநடுவே மவுத்ஆர்கனை வாயில் வைத்து ஊதுவார். ஒரு வார்த்தை புரியவில்லை. வேலை போன ஒருவன் ஊரைவிட்டு நடந்து போகிறான் என்பது மட்டும் எப்படியோ புரிந்தது. எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. டேனி ஊருக்குத் திரும்பியபோது எல்லாப் பாட்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தான். அதற்கடுத்த வாரம் ஹோட்டலை மூடிவிட்டார்கள்.

அப்படித்தான் பழவேற்காட்டில் மைக்செட் ஏழுமலை அண்ணனிடம் சேர்ந்தேன். ஆடி மாதம். லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி ஒரு குப்பத்தில் (பெயரை எழுத வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்) அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா. சவுக்குக் கம்புகளில் நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டினோம். இரண்டு கடலைப் பார்த்து, இரண்டு ஏரியைப் பார்த்து. அன்று காலை அண்ணன் அனுப்பம்பட்டில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஒரு பாட்டு முடிஞ்சா அடுத்தது தானா வரும். நீ எதையும் தொடாதே."

ஏன் தொடக்கூடாது என்பதை அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். அந்தக் குப்பத்தில் கோயில் பாட்டு பாதியில் நின்றால் ஒரே ஒரு அர்த்தம்: ஊரில் யாரோ செத்துவிட்டார்கள். கோயிலைச் சாத்திவிடுவார்கள். அதே மைக்செட்டில் சாவுப்பாட்டு ஆரம்பிக்கும். தண்ணீரில் இருப்பவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும். பிணத்தை எடுக்கும்வரை ஒருவரும் மீன் பிடிக்கக் கூடாது.

கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆம்பிளிஃபயரில் பென் டிரைவ் செருகும் ஓட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு குழாய். ஒரு கடல், ஒரு ஏரி. காது உள்ள ஒரு ஜனக்கூட்டம், பாவம், இதுவரை இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. நான் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன் (கால் மணி நேரம்). அம்மன் பாட்டின் மூன்றாவது வரியில், பாதி வார்த்தையில் நிறுத்தினேன்.

மெஷின் பென் டிரைவைத் தேடுகிற நேரம் குப்பம் முழுக்க நிசப்தம். பிறகு மவுத்ஆர்கன் அழ ஆரம்பித்தது.

இரண்டாவது நிமிடத்தில் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கருவாடு காயவைத்த பெண்கள் கையைத் துடைக்காமல் வந்தார்கள். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு கனம். எனக்குப் புல்லரித்தது. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்து மணலில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பெயர் சரசு என்று பிறகு தெரிந்தது. 'அவ்வளவு வேண்டாம் அக்கா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் முதல் தடவை கேட்கும்போது எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஏரிப் பக்கம் பார்த்தால் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. டேனி இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன்.

சரசுவின் அப்பா தேசப்பன் பத்து நாளாக நெஞ்சுச் சளியில் படுத்திருந்தார். பாட்டு நின்றதும் ஊருக்கே அவர் பெயர்தான் மனதில் வந்தது. சரசு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். கட்டில் காலி. தூக்கிப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். உண்மையில் அவர், மகள் கருவாட்டுக் களத்துக்குப் போன நேரம் பார்த்து, லைட்ஹவுஸ் பக்கம் பீடி குடிக்கப் போயிருந்தார். பாட்டு நின்றதைக் கேட்டு, சாவுக்குப் போகும் மரியாதையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவரும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார்.

"யாருப்பா பூட்டாங்க?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டிருக்கிறார்.

முன்னால் நின்றவர் திரும்பாமலே, "நம்ம தேசப்பன்தான். பாவம், தங்கமான மனுசன்" என்றிருக்கிறார்.

"இதை நேத்தே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல" என்றார் தேசப்பன்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சரசு அப்பாவைப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை, அதே மூச்சில் திட்டாக மாறியது. "எங்க போனே நைனா? கட்டில விட்டு எறங்காதேன்னு சொன்னேன்ல? இன்னா வாடை இது, பீடி குடிச்சியா?" என்று அவர் துண்டைப் பிடித்து உலுக்கினாள்.

இந்த நேரத்தில்தான் சரசுவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் சொட்டச் சொட்ட நனைந்து, பாதி சுருட்டிய வலையோடு வந்து சேர்ந்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஏரியில் மீன் விழுகிற இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாடு வருகிற நாளில் நீதான் அங்கே வலை கட்டலாம். அந்த நாளை விட்டால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்று ஏகாம்பரத்தின் பாடு. இறால் ஏறுகிற பருவம். கம்பு ஊன்றி, வலையைப் பாதி கட்டியபோது பாட்டு நின்றிருக்கிறது.

அவர் மாமனாரைப் பார்த்தார். திரும்பி ஏரியைப் பார்த்தார்.

"அப்போ என் பாடு?" என்றார்.

"பாத்தீங்களா," என்றார் தேசப்பன் ஊரைப் பார்த்து. "மாப்ள கண்ணுல ஒரு சொட்டு இல்ல."

"ஒடம்பு பூரா தண்ணிதான் மாமா. அதுல எந்தச் சொட்டைத் தேடறே?"

இவ்வளவு நேரமும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மவுத்ஆர்கன் முடிந்து, வீடு இடிக்கிற கோஷ்டி டிரம்ஸோடு ஆரம்பித்திருந்தது. மொத்தக் கூட்டமும் மெதுவாகக் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்தேன். ஒரு கலைஞன் வேறென்ன செய்வான்? வெளியே வந்து கைகூப்பினேன்.

"நல்லாருக்கா? அடுத்தது இதைவிட நல்லாருக்கும்" என்றேன்.

ஒருவர் குனிந்து ஒரு சவுக்குக் கட்டையை எடுத்தார். கொஞ்சம் பெரிய கட்டை. அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். செருப்பை எடுக்க நேரமில்லை. சவுக்குத் தோப்பில் ஒரு மணி நேரம் பதுங்கிக் கிடந்துவிட்டு, பாலத்தைப் பார்த்து நடந்தேன்.

பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் மொபெட் சத்தம். ஏகாம்பரம். கால் சுட்டதில் எனக்கு அதற்குமேல் ஓட முடியவில்லை.

"ஏறு" என்றார்.

"அடிப்பீங்களா அண்ணே?"

"அடிச்சா கை வீங்கும். வீங்குன கையால கம்பைப் புடிக்க முடியாது. ஏறு."

வழியில்தான் முழுதும் சொன்னார். ஊர் கூடிப் பேசியிருக்கிறது. சாவுக்கு மரியாதை கொடுத்துத் திரும்பியவனுக்குப் பாடு போகக் கூடாது, செத்தவர் சாகாமல் போனது அவன் தப்பில்லை என்று முடிவாகி, எல்லோருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. நாளைக்கு ஏகாம்பரத்தின் பாடு. ஆனால் கூட வலை கட்டுகிற ஆள் இல்லை. ஏனென்றால் அந்த ஆளைத்தான், இவருக்கு முன்னாலேயே கரை ஏறிய வேகத்தில், சொந்தக்காரர்களுக்குச் சாவுச் செய்தி சொல்ல ஆரம்பாக்கத்துக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அந்தச் சொந்தக்காரர்கள் அன்று சாயங்காலமே ஆளுயர மாலையோடு வந்து இறங்கினார்கள். தேசப்பன் வீணாக்கவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்தார். என்னைக் கூப்பிட்டு, தன்னைச் சாகடித்த பாட்டை முழுதாகக் கேட்க வேண்டும் என்றார். ஏழுமலை அண்ணன் என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு, அதே மூச்சில் மெஷினையும் இரவல் கொடுத்தார். தேசப்பன் கண்ணை மூடிக் கேட்டார்.

"எங்கியோ நடந்து போறவன் பாடறான்" என்றார். "எனக்கு நெசமா ஆவும்போது இதையே போடு. மவளே, கேட்டுக்கோ."

சரசு தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் சந்தோஷத்தில் ஊரையே ஒரு சுற்று ஓடி வரலாம் போல இருந்தது. ஒரு ஆளுக்குப் பிடித்துவிட்டதே.

தேசப்பன் இன்னும் இருக்கிறார். அந்த வீட்டில் ஏகாம்பரம் எதைக் கேட்டாலும், மொபெட் சாவியானாலும் இன்னொரு துண்டு வஞ்சிரமானாலும், மாமனார் சொல்கிற பதில் இன்றும் ஒன்றுதான். "மொதல்ல அழு, அப்புறம் தர்றேன்." பேரப்பிள்ளைகள்கூட அப்பாவிடம் அதையே சொல்கிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் எனக்குப் புது வேலை. நெஞ்சளவு தண்ணீரில், முழங்கால்வரை சேற்றில் புதைந்து, வலை கட்டும்வரை கம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தூரத்தில் கோயில் பாட்டு ஆரம்பித்தது. ஏகாம்பரம் படகிலிருந்து குனிந்து என் முகத்துக்கு நேரே சொன்னார்.

"இன்னிக்கு அது நின்னாலும் சரி, ஓடினாலும் சரி, கம்பை விடாதே. எங்க மாமனாரே போனாலும் விடாதே. காதுல தண்ணி பூந்துடுச்சு, கேக்கலைன்னு சொல்லிக்கலாம்."

நான் கம்பை விடவில்லை.