ஈர விரிப்பும் இருதயப் பாடமும்

கயோண்டோ வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிர் உள்ளவரை இனி சாக்பீஸைத் தொடுவதில்லை.

"ஏன், கை அரிக்குதா?" என்றாள் மனைவி நகிமுலி. மட்டோக்கே வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். மடியில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு குழந்தைகள்.

"சிரிக்காதே நாலோங்கோ. காலம் மாறிடுச்சு. இது தொழில்நுட்ப யுகம்."

இரட்டைப் பிள்ளை பெற்றவர்களை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பன் ஸாலோங்கோ, அம்மா நாலோங்கோ. ராஜா ராணிப் பட்டம் மாதிரி. வாஸ்வாவும் நகாட்டோவும் பிறந்த அன்று பட்டத்தைக் கயோண்டோ தலையில் சூடிக்கொண்டார். பிள்ளைகளை நகிமுலி இடுப்பில் சூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வராங்க. எந்த வாத்தியார் புரொஜெக்டர் மெஷினை வெச்சு நல்லாப் பாடம் நடத்தறாரோ, அவருக்குக் கம்பாலாவில் ஒரு வருஷப் பயிற்சி. அப்புறம் வட்டாரம் பூரா அவர்தான் தொழில்நுட்ப ஆசான்."

சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"ஒரு வருஷமா?"

"ஒரே ஒரு வருஷம்."

"ஒரு வருஷத்துல இதுங்க ரெண்டும் நடந்து, ஓடி, கிணத்துப் பக்கம் போயிடும். யார் பிடிக்கிறது?"

"அதான் வீடியோ கால் இருக்கே. தினம் பார்ப்பேன்."

"வீடியோ கால்ல மூத்திரத் துணி மாத்துவீங்களா ஸாலோங்கோ?"

கயோண்டோ போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தொழில்நுட்பத்துக்கும் சில எல்லைகள் உண்டு.

நகிமுலி குரலைத் தணித்துக்கொண்டாள். "போன மாசம் மழையில நகாட்டோவுக்கு உடம்பு கொதிச்சுதே. கண்ணு சொருகிப்போச்சே. நீங்க சட்டைகூட போடாம தூக்கிட்டு ஓடினீங்க. நீங்க இல்லேன்னா ஒண்ணைத் தூக்கிட்டு ஓடியிருப்பேன், இன்னொண்ணை எங்க போட்டுட்டுப் போயிருப்பேன்? அதை நெனச்சா எனக்கு இப்பவும் பயமா இருக்கு. போகாதீங்க."

"பெரிய வாய்ப்பு நாலோங்கோ. நமக்காகத்தானே!" என்றார். சொல்லும்போதே அவருக்கும் லேசாகப் பயம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார்.

பயத்துக்கு உண்மையான காரணம் வேறு. கயோண்டோவின் தொழில்நுட்ப அறிவு அவ்வளவும் கட்டைவிரலில் இருந்தது. ஆசிரியர்களுக்கான வாட்ஸப் குழு எது தொடங்கினாலும் அதில் அவர் இருப்பார். விடிந்ததும் யோசனைகளை அள்ளி அனுப்புவார். 'போனைத் தகரக் குவளையில் வைத்தால் வகுப்பு முழுவதும் கேட்கும்.' 'வராத பிள்ளைக்குப் பாடத்தைக் குரலில் பதிந்து அனுப்பலாம்.' 'புத்தகப் பக்கத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டலாம்.' அனுப்புவதோடு சரி, எதையும் செய்து பார்த்ததில்லை. போன் உறைந்து நின்றுபோனால் நகிமுலியிடம் நீட்டுவார். அவள் இரண்டு விரலால் ஏதோ செய்வாள். அது உயிர்த்தெழும். "நான் தட்டினப்பவே சரியாயிருச்சு" என்று வாங்கிக்கொள்வார்.

இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் வாத்தியார் வேலை. ஒரு நீளமான கூடம், நடுவே கரையான் தின்ற கோரைப்பாய்த் தடுப்பு. இந்தப் பக்கம் கயோண்டோவின் ஆறாம் வகுப்பு ஏ பிரிவு. அந்தப் பக்கம் நகிமுலியின் பி பிரிவு. ஆனால் பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு புரொஜெக்டர். இங்கேதான் கயோண்டோவின் மூளை வேலை செய்தது. மறுநாள் விடிந்ததும் தலைமையாசிரியையிடம் போய், "பாவம் நாலோங்கோ, இப்பத்தான் பிரசவ லீவு முடிஞ்சு வந்திருக்கா. அவளைச் சிரமப்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை மெஷின் முழுக்க என்கிட்டயே இருக்கட்டும்" என்று மனைவிமேல் கருணை பொழிந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"நல்லது. ஒரு மெஷினை ரெண்டா அறுக்க முடியுமா?" என்றாள் நகிமுலி. "திரைக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"சுவர்தான்."

"அந்தப் பச்சைச் சுவர்லயா? இருதயம் கத்திரிக்கா மாதிரி தெரியும். என் வெள்ளை விரிப்பைத் தரேன். நடுவுல அந்தக் கரையான் பாயைக் கழட்டி எறிஞ்சுட்டு அங்கயே கட்டுங்க. திரைக்குத் திரை, தடுப்புக்குத் தடுப்பு."

கயோண்டோவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"என் பக்கத்து ஜன்னலையும் பாய் போட்டு மூடிடறேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் உங்க படத்தைக் கெடுக்கக் கூடாது பாருங்க."

மேலும் நெகிழ்ந்தது. கம்பாலாவுக்குப் போனால் இவளுக்கு ஒரு நல்ல கைப்பை வாங்கிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை விரிப்பைத் துவைத்துப் பிழிந்து எடுத்து வந்தாள். ஊர் வழக்கப்படி மண்டியிட்டு இரு கையாலும் நீட்டினாள். தினமும் மண்டியிடுகிறவள்தான். அன்று கொஞ்சம் கூடுதலாகவே மண்டியிட்டாள். அதற்கே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஈரமா இருக்கே?"

"ஈரத்தோட இழுத்துக் கட்டினாத்தான் சுருக்கம் விழாது ஸாலோங்கோ. காயறதுக்குள்ள பாடத்தை முடிச்சுடுங்க."

இன்ஸ்பெக்டர் அச்சியெங் அம்மா வந்தார். உயரமானவர். சிரிப்பைச் செலவழிக்காதவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

கயோண்டோ பொத்தானை அழுத்தினார். விரிப்பின்மேல் ஒரு மனித இருதயம், மாட்டுத்தலை அளவில், செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. பிள்ளைகள் "பன்னங்கே, அடேயப்பா!" என்று வாய் பிளந்தார்கள்.

வீடியோக் கொட்டகையில் மைக் பிடித்துப் படத்துக்குக் கதை சொல்கிறவர் மாதிரி கயோண்டோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதோ வருகிறார் நம்ம கதாநாயகன்! தூங்கமாட்டார், லீவு கேட்கமாட்டார், சம்பளம் கேட்கமாட்டார்! இன்ஸ்பெக்டர் ஆபீஸிலகூட இப்படி ஒரு ஆள் கிடையாது!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நொடி கழித்துத் திரைக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள்.

'பாடம் நடத்தாமல் என்ன செய்கிறாள் இவள்?' என்று கயோண்டோவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன் நகைச்சுவை தடுப்பைத் தாண்டிப் போகிறதே என்ற பெருமையில் விட்டுவிட்டார். ரத்தம் உள்ளே வருவதைச் சொன்னார், வெளியே போவதைச் சொன்னார். வால்வு மூடும் ஓசையைத் தகரக் குவளைக்குள் வைத்த போனில் போட்டுக் காட்டினார். லப், டப். அந்தப் பக்கம் ஒரு கூட்டமே "லப், டப்" என்று பின்பாட்டுப் பாடியது.

அச்சியெங் அம்மா எழுந்து முன்னால் வந்தார். முதல் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டார். "இந்த இருதயத்துக்கு இடது பக்கம் எது, காட்டு பார்ப்போம்."

அந்தப் பெண் துள்ளி எழுந்து, தன் இடது கைப்பக்கம் இருந்த பாதியைத் தொட்டுக் காட்டினாள்.

"சபாஷ்!" என்றார் கயோண்டோ.

"சபாஷா?" என்றார் அச்சியெங் அம்மா. "இடது கீழறைச் சுவர் தடிமனா இருக்கும்னு இப்பத்தானே சொன்னீங்க? இவ காட்டற பக்கம் மெல்லிசா இருக்கே. தடிமன் அந்தப் பக்கமில்ல இருக்கு?"

கயோண்டோ படத்தைப் பார்த்தார். தன் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைந்த இருதயம்தான். அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வியர்வை வழிந்தது. கட்டைவிரல் அறிவு கைகொடுக்க ஓடி வந்தது.

"மேடம்... அது... நெட்வொர்க் வீக். அதான் படம் திரும்பி டவுன்லோட் ஆயிருக்கு."

 அதே நொடியில், விரிப்பின் நடுவே, தடித்த சுவருக்கு நேராக, ஒரு சின்ன விரல் முளைத்தது.

இந்தப் பக்கம் யாரும் இல்லை. துணிதான் கூம்பாகப் புடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கமிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது. "இதான் மேடம் இடது பக்கம்!"

அச்சியெங் அம்மா விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கயோண்டோவும் பின்னாலேயே போனார். போனவர் நின்றுவிட்டார்.

இருட்டில் பி பிரிவு முழுவதும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஈரத்துணியில் ஒளி வழிந்து, அதே இருதயம் அந்தப் பக்கமும் பளபளவென்று தெரிந்தது. பிள்ளைகள் எல்லோருடைய கையும் இடது நெஞ்சில் இருந்தது. மூலையில் நகிமுலி, முதுகில் தூங்கும் நகாட்டோவோடும் தோளில் விரல் சப்பும் வாஸ்வாவோடும் நின்றிருந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் அச்சியெங் அம்மா.

"அந்தப் பக்கம் இருக்கிற படம் நம்மைப் பார்த்து நிக்கிற ஆள், மேடம். அவரோட இடது, நமக்கு வலது. பிள்ளைங்க அதுலதான் எப்பவும் குழம்பும். இந்தப் பக்கம் வந்துட்டா அவர் முதுகுக்குப் பின்னால நிக்கிற மாதிரி. அவர் இடது, நம்ம இடது. சட்டை மாதிரி போட்டுக்கலாம். எழுத்து மட்டும் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி ஓடும். அதனால, எழுத்தைப் பார்க்காதீங்க, ஸாலோங்கோ சார் சத்தத்தைக் கேளுங்கன்னு சொல்லி வெச்சேன்."

"சத்தத்துக்கு அவர், மெஷினுக்கும் அவர். நீங்க என்ன பண்ணினீங்க?"

"துணியை நனைச்சேன் மேடம்."

சிரிப்பைச் செலவழிக்காத அச்சியெங் அம்மா அன்றைக்கு மொத்தச் சேமிப்பையும் செலவழித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கம்பாலாவுக்கு நீங்கதான் போகணும்" என்றார்.

"நான் வரல மேடம். ரெண்டும் பால்குடி."

"அப்போ இவரை அனுப்பலாமா? நெட்வொர்க் வீக்கா இருக்கிறவரை?"

கயோண்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

நகிமுலி அவரைப் பார்த்தாள். கேலி இல்லாமல் பார்த்தாள். "வேண்டாம் மேடம். அவர் பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அச்சியெங் அம்மா வாஸ்வாவின் கன்னத்தைத் தட்டினார். "சரி, நீங்க எங்கயும் போக வேண்டாம். சனிக்கிழமை சனிக்கிழமை வட்டாரத்து வாத்தியாருங்களை இங்க அனுப்பறேன். நீங்களே சொல்லிக்கொடுங்க."

மாலை வீட்டுக்கு நடந்தார்கள். கயோண்டோ கொஞ்ச தூரம் உர்ரென்று வந்தார். பிறகு தாங்கவில்லை.

"திட்டம் போட்டுத்தானே ஈரத்துணி குடுத்தே?"

"பின்னே? காஞ்ச துணியில பின்பக்கம் மங்கலா விழும். பிள்ளைங்க மூத்திரத் துணியைக் காயப்போடறப்போ டார்ச் அடிச்சுப் பார்த்து வெச்சிருந்தேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா எல்லா குரூப்புக்கும் அனுப்பியிருப்பீங்க."

 ஆனால் ஓர் அதிசயம். தோற்றுப்போன ஆளுக்கு நெஞ்சு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. கம்பாலா இல்லை. அங்கே முன்னால் நிறுத்தி, 'எங்கே, செய்து காட்டுங்கள்' என்று யாரும் கேட்கப்போவதில்லை. மழை பெய்து நகாட்டோவுக்குக் காய்ச்சல் வந்தால், சட்டை இல்லாமல் ஓடுவதற்கு அவர் இங்கேயே இருப்பார். நகிமுலியின் தோளிலிருந்து வாஸ்வாவை வாங்கிக்கொண்டார். அவனும் உடனே சட்டையை நனைத்தான். சூடாக, நிம்மதியாக இருந்தது.

முதல் சனிக்கிழமை. கூடம் நிறைய ஆசிரியர்கள், கையில் போனும் பேனாவுமாக. ஓரத்தில் கயோண்டோ நின்றார். நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றும் துணியால் இறுகக் கட்டியிருந்தது. வலது கையில் பால் பாட்டில். இடது கையில், ஆணி பிடுங்கிக்கொண்டுவிட்ட விரிப்பின் நுனி.

"முதல் யோசனை," என்று தொடங்கினாள் நகிமுலி. "இல்லாத கருவிக்காக அழாதீங்க. வீட்டுல எது சும்மா நிக்குதோ, அதைக் கொண்டுவந்து வேலை வாங்குங்க."

அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பிக் கயோண்டோவைப் பார்த்தது.

நடு பெஞ்சிலிருந்து ஒரு டீச்சர் கை தூக்கினாள். "மேடம், இந்த மாதிரி ஒண்ணு எங்க கிடைக்கும்?"

"கல்யாணத்துல குடுத்தாங்க," என்றாள் நகிமுலி. "பழக்கத்தான் கொஞ்ச நாளாச்சு."