சைக்கிளுக்குக் கொம்பு முளைத்த பொங்கல்

கை மரத்துப்போனால் மனுஷன் டாக்டரிடம் போவான். இல்லாவிட்டால் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு பஸ் ஏறுவான். நான் சைக்கிளுக்குக் கொம்பு வைத்தேன்.

நாற்பதைத் தாண்டிய வருஷம், திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலுக்கு ஒரு ஹைபிரிட் சைக்கிள் வந்தது. பாதி ரோடு சைக்கிள், பாதி மலை சைக்கிள். நீலம். ஏறி நாலு மிதி மிதித்தால் காற்று சட்டைக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும், புளியமரங்கள் பின்னால் ஓடும், எனக்கு வயது பத்துப் பத்தாகக் குறையும். (தொப்பை மட்டும் குறையாது.) ஒரே குறை, கைப்பிடி. நேராக ஒரு குழாய். அரை மணி நேரம் ஒரே வாக்கில் பிடித்தால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துவிடும். அப்புறம் சோறு பிசைவது யாருடைய கையையோ இரவல் வாங்கிப் பிசைவது போலிருக்கும்.

"ஐயோ கை, ஐயோ கைன்னு தினம் இதே பேஜாராப் போச்சு," என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. "எந்தம்பி கேட்டுக்கினே கீறான். அவனுக்குக் குடுத்துருங்க."

தம்பி என்றால் ராயப்பன், என் மச்சான். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவோடும் ஒரு பசுவோடும் இருக்கிறான். சைக்கிளைப் பார்க்க வந்த அன்றே சீட்டைத் தன் இடுப்புக்கு அளந்து பார்த்தவன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மாட்டுப் பொங்கலன்று ஸ்டெல்லா பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போவாள். நான் சைக்கிளில். கீறல் இல்லாமல் போய் இறங்கி, 'கை' என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாப்பிட்டு முடித்தால் சைக்கிள் எனக்கு. இல்லையென்றால் ராயப்பனுக்கு.

அன்று இரவே செல்போனைத் தடவித் தடவி மருந்தைக் கண்டுபிடித்தேன். 'பார் எண்ட்'. கைப்பிடியின் இரண்டு முனையிலும் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் குட்டைக் குழாய்கள். அலுத்த கையை அங்கே மாற்றிப் பிடித்தால் சுகமோ சுகம் என்றான் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன். வரவழைத்துவிட்டேன்.

போகியன்று ஊரே பழையதைக் கழித்துக்கொண்டிருக்க, நான் புதியதை மாட்டினேன். குழாய்க்கு இடம் வேண்டி ரப்பர் பிடியை உள்ளே தள்ளினேன். ரப்பருக்கு இடம் வேண்டி பிரேக்கைத் தள்ளினேன். பிரேக்குக்கு இடம் வேண்டி மணியைக் கழற்றி அலமாரியில் போட்டேன். பஸ்ஸில் ஒரு பருத்த அம்மாள் வந்து உட்கார்ந்தால் சீட்டில் கடைசி ஆள் எழுந்து நிற்பானே, அந்தக் கதி மணிக்கு.

ஸ்டெல்லா காபியோடு வந்து பார்த்தாள். "இன்னாங்க இது, கொம்பு?"

"கொம்பு இல்ல. சௌகரியம்."

"அங்க புடிச்சிக்கினு போனா பிரேக்கு எப்படி எட்டும்?"

"நான் எதுக்கு பிரேக்கு புடிக்கப்போறேன்?"

(இந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. என் மகள் பரீட்சைக்குப் படிக்காமல் போகும்போதுகூடச் சொல்கிறாள்.)

மாட்டுப் பொங்கல் காலை. தைப் பனி ரோட்டின் மேல் பால் ஆடையாகப் படர்ந்திருக்க, நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு பறந்தேன். ஆமாம், பறந்தேன்! கை மரக்கவில்லை. விரல்கள் பத்தும் தனித்தனியாக உயிரோடிருந்தன. கரும்பு சலசலத்தது, கிணற்று மோட்டார் பாடியது, விக்கிரவாண்டியில் குடித்த டீகூட ஏலக்காய் போட்டதாக இருந்தது. பெயிண்ட் அடித்த மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "சார், உங்க கொம்புக்கு கலர் அடிக்கலயா?" என்று கூவினார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மாமியார் ஊர் ஏரிக்குக் கீழே இருக்கிறது. கரையிலிருந்து ஒரு சரிவு. சரிவின் அடியில் கோயில், அதாவது மாதா கோயில். பாதி ஊர் கிறிஸ்தவர்கள். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பலூன் கட்டி, வடைமாலை போட்டுக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பதினைந்து வருஷமாக அந்த ஊர் மாப்பிள்ளை நான். இது எனக்குத் தெரியும். சரிவில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கீழே ரோடு முழுக்க மாடு. கை கொம்பில். பிரேக் ஒரு சாண் தள்ளி, அடுத்த தாலுக்காவில் இருப்பது போல் இருந்தது. கையை எடுத்தால் விழுவேன், எடுக்காவிட்டால் முட்டுவேன். மணி அலமாரியில்.

"ஒத்து! ஒத்து! ஒத்திக்கோ!" என்று அலறினேன்.

மனிதர்கள் ஒதுங்கினார்கள். மாமியாரின் செவலைப் பசு ஒதுங்கவில்லை. உரசிக்கொண்டு போனேன். என் வலது கொம்பு அதன் வடைமாலைக்குள் நுழைந்து வசமாக மாட்டிக்கொண்டது. பலூன் இரண்டு வெடித்தன. செவலை ஓடியது. நானும் ஓடினேன், சைக்கிளில் உட்கார்ந்தபடியே, பசு இழுக்க, வரிசையில் நின்ற அத்தனை மாட்டையும் முந்திக்கொண்டு. நேராகப் பாதிரியாரின் முன்னால் போய் மாலை அறுந்தது. செவலை நின்றது. நான் சைக்கிளோடு வைக்கோல் கட்டின் மேல் விழுந்தேன்.

வயதான பாதிரியார். கண் புத்தகத்தில், வாயில் ஜெபம். ஓரக்கண்ணுக்கு எதிரே இரண்டு ஜோடிக் கொம்பு தெரிந்தது. இரண்டின் மேலும் தாராளமாகத் தெளித்தார். பிறகுதான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"இது யாரு வூட்டு மாடு?"

சிரிப்பில் கோயில் புறாக்கள் கிளம்பின. ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்தேன். சைக்கிளின் நீலத்தில் ஒரு முழக் கீறல். முழங்கையில் இன்னொன்று. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது: "ஐயோ, கை!"

"மாமா, தோத்துட்டீங்க!" ராயப்பன் ஜல்தியாக வந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சீட்டைத் துடைத்தான். "சாவி எங்க மாமா?"

சாவியை எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.

"டேய், வுடு அத," என்றார் மாமியார். தரையில் சிதறிய வடைகளைப் பொறுக்கிச் செவலைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "மந்திரிச்ச மாட்ட கை மாத்துவாங்களாடா?"

"எம்மா, இது சைக்கிளு!"

"சாமியே தீர்த்தம் போட்டுட்டாரு. நீ இன்னா, சாமிய வுடப் பெரிய ஆளா? அது மாப்பிள்ளகிட்டயே இருக்கட்டும். வருசா வருசம் ஓட்டிக்கினு வந்து மந்திரிச்சிக்கினு போவட்டும்."

சைக்கிள் பிழைத்தது. நான்தான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் திண்டிவனத்திலிருந்து மிதித்துப் போகிறேன். (சரிவில் இறங்கித் தள்ளிக்கொண்டு.) ராயப்பன் காத்திருந்து ஒரு கொம்புக்குச் சிவப்பும் ஒன்றுக்குப் பச்சையும் அடித்து, கைப்பிடியில் செவலையின் பழைய கழுத்துமணியைக் கட்டி, வரிசையில் நிறுத்துகிறான்.

போன தடவை புதிதாக மாற்றலாகி வந்த இளம் பாதிரியார் சைக்கிளைக் கண்டு தயங்கினார். "இதுவுமாம்மா?"

"எங்க வூட்டுதுதான் சாமி," என்றார் மாமியார். "தைரியமாத் தெளிங்க. ஆனா முன்னாடி நிக்காதீங்க, கொஞ்சம் முட்டும்."